3 வயது மகள் கேட்ட கேள்வி... 60 விநாடியில் கைக்கு வந்த போட்டோ! யார் இந்த எட்வின் லேண்ட்?

போனில் ஒரு போட்டோ எடுக்கிறோம். எடுத்த கையோடு பார்க்கிறோம். பிடிக்கவில்லையா, அழித்துவிட்டு இன்னொன்று. பிடித்திருந்தால் அடுத்த நொடியே அது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில். இதில் ஆச்சரியப்பட இன்றைக்கு எதுவுமே இல்லை. ஆனால் பிலிம் ரோல் காலத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்... 36 படமும் தீரும்வரை காத்திருந்து, ஸ்டூடியோவில் கொடுத்து, கழுவி, பிரிண்ட் போட்டு வாங்கிப் பார்த்தால் பாதி படத்தில் கண் மூடியிருக்கும்!

அந்தக் காத்திருப்பை உடைத்துக் காட்டியவர் எட்வின் ஹெர்பர்ட் லேண்ட். போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கியவர். கேமராவிலிருந்தே பிரிண்ட் வெளியே வரும் என்று உலகத்துக்குக் காட்டியவர். அவர் இறந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஸ்மார்ட்போனை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் நம் கையில் இருக்கும் போனின் திரைக்குள், அவர் கண்டுபிடித்த தாளின் வாரிசு ஒன்று இப்போதும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதைவிட ஆச்சரியம், படத்தை ஒரு இடத்தில் எடுத்து இன்னொரு இடத்துக்கு உடனே அனுப்பும் தொழில்நுட்பத்தை அமெரிக்க அரசு கையில் எடுத்ததற்குப் பின்னாலும் இவர்தான் நின்றார். அது நீண்டகாலம் வெளியே தெரியாத ரகசியம்.

வீட்டு பியூஸைப் போக வைத்த சிறுவன்

1909ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில் உள்ள பிரிட்ஜ்போர்ட்டில் பிறந்தார் லேண்ட். ரஷ்யப் பேரரசிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். அப்பா பழைய இரும்பு, உலோக வியாபாரி. எட்வின் என்ற பெயர் அக்காவின் வாயில் நுழையவில்லை. அதனால் 'டின்' ஆனார். நெருங்கியவர்களுக்குக் கடைசிவரை அவர் டின்தான்.

சின்ன வயதில் கையில் கிடைத்ததை எல்லாம் பிரித்துப் போடுவது வழக்கம். கடிகாரம், கிராமபோன் எதுவும் தப்பவில்லை. வீட்டு பியூஸ் மொத்தமும் போன கதையும் உண்டு. ஆனால் அவரை உண்மையில் பிடித்து உலுக்கியது வெளிச்சம். 13 வயதில் ஒரு கோடை முகாமில், கால்சைட் படிகத்தால் செய்த பட்டகம் ஒன்றைக் காட்டினார்கள். அதன் வழியே பார்த்தபோது மேசைமேல் பளபளத்த கண்கூசும் ஒளி மாயமாகிவிட்டது. மேசையின் மரம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

இது எப்படி நடக்கிறது? சாதாரண ஒளி எல்லாத் திசையிலும் அதிர்ந்தபடி வருகிறது. தண்ணீர், கண்ணாடி, தார்ச்சாலை போன்ற பரப்புகளில் பட்டுத் திரும்பும்போது பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்கிறது. அந்தத் திசையை மட்டும் தடுக்கும் ஒரு வடிகட்டி இருந்தால் கூசும் ஒளி நின்றுபோகும், மற்றது உள்ளே வரும். இதைத்தான் ஒளியை முனைவாக்குவது என்கிறோம். அந்தக் காலத்தில் இதற்கு விலை உயர்ந்த இயற்கைப் படிகம்தான் வேண்டும். அதுவும் கட்டைவிரல் அளவுக்குத்தான் கிடைக்கும்.

1926இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் வருடத்தோடு கிளம்பி நியூயார்க் போய்விட்டார். எதிரே வரும் காரின் ஹெட்லைட் கண்ணைக் கூசாமல் செய்ய மலிவான, பெரிய ஒளி வடிகட்டி செய்ய வேண்டும் என்பதுதான் 17 வயதுப் பையனின் திட்டம். பகலில் நியூயார்க் பொது நூலகத்தில் படிப்பு. ராத்திரியில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வகத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்து பரிசோதனை. மாட்டியிருந்தால் கதை வேறு.

நாய் சிறுநீரில் கிடைத்த படிகம்

நூலகத்தில் அவர் கண்டெடுத்தது 1852இல் வில்லியம் பேர்ட் ஹெராபத் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதிய குறிப்பு. மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைனை ஒரு நாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். அதன் சிறுநீரில் அயோடின் விழுந்தபோது பச்சை நிறத்தில் ஊசி ஊசியாகப் படிகங்கள் உருவாகின. முகம் சுளிக்க வேண்டாம், அந்தப் படிகம் ஒளியை அருமையாக வடிகட்டியது! ஆனால் தொட்டால் நொறுங்கிவிடும். பெரிதாக வளர்க்க முயன்றவர்கள் எல்லாம் தோற்றுப்போனார்கள்.

லேண்ட் யோசனையைத் திருப்பிப் போட்டார். ஏன் ஒரு பெரிய படிகம்? கோடிக்கணக்கான நுண்ணிய படிகங்களை ஒரு பிசினில் கலந்து, எல்லாவற்றையும் ஒரே திசையில் அடுக்கி, பிளாஸ்டிக் தாளில் பூசிவிட்டால்? வேலை செய்தது. 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது அவருக்கு வயது பத்தொன்பதுதான். அதே ஆண்டு ஹெலன் மைஸ்லனைத் திருமணம் செய்துகொண்டார்.

பிறகு ஹார்வர்டுக்குத் திரும்பினார். அங்கேயும் பட்டம் வாங்கவில்லை. இறுதிக்கட்டத்தில் விட்டுவிட்டு, தனக்குப் பாடம் நடத்திய ஜார்ஜ் வீல்ரைட்டையே கூட்டாளியாக்கி 1932இல் ஆய்வகம் தொடங்கினார். பின்னாளில் எல்லோரும் அவரை டாக்டர் லேண்ட் என்றே கூப்பிட்டார்கள். அது படித்து வாங்கிய பட்டம் அல்ல, பல்கலைக்கழகங்கள் தேடி வந்து கொடுத்த கௌரவம். 1957இல் ஹார்வர்டும் கொடுத்தது.

வியாபாரத்தில் ஆள் கெட்டிக்காரர். கண்ணாடி தயாரிக்கும் அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனத்தாரை ஒரு ஹோட்டல் அறைக்கு வரவழைத்தார். வெயில் அடிக்கும் ஜன்னலோரம் ஒரு மீன்தொட்டி. வெளிச்சம் பட்டுக் கூசியதால் உள்ளே இருந்த மீன்கள் தெரியவே இல்லை. கையில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தங்கமீன்கள் பளிச்சென்று தெரிந்தன. கூலிங் கிளாஸ் ஒப்பந்தம் முடிந்தது.

1937இல் போலராய்டு கார்ப்பரேஷன் உருவானது. அடுத்த வருடமே நாய்ச் சிறுநீர்ப் படிகத்தையும் கைவிட்டார். இழுத்து நீட்டிய பிளாஸ்டிக் தாளில் அயோடினை ஏற்றினால் அதே வேலை இன்னும் சுத்தமாக நடந்தது. இந்தத் தாளின் வழித்தோன்றல்தான் இன்றைய எல்சிடி டிவி, லேப்டாப், போன் திரைகளில் இருப்பது. எல்சிடி திரையில் ஒளியைத் திறந்து மூடும் கதவே இந்தத் தாள்கள்தான். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு போனை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பல போன்களில் ஒரு கோணத்தில் திரை இருண்டுபோகும்.

எந்த ஹெட்லைட்டுக்காக இவ்வளவு பாடுபட்டாரோ அது மட்டும் நடக்கவே இல்லை. எல்லா காரிலும் ஒரே நேரத்தில் மாற்றினால்தான் பலன் என்பதால், கார் கம்பெனிகள் இழுத்தடித்துக் கடைசியில் கைவிரித்துவிட்டன.

1943, சாண்டா ஃபே: அந்தக் கேள்வி

இரண்டாம் உலகப்போர் காலத்தில் போலராய்டு முழுக்க முழுக்க ராணுவ வேலையில் இருந்தது. பைலட்டுகளுக்கான கண்ணாடி, துப்பாக்கிக் குறிநோக்கி, வானிலிருந்து எடுத்த படங்களை முப்பரிமாணத்தில் காட்டும் தாள் எனப் பலதும் செய்தார்கள். போர் முடிந்தால் இந்த ஆர்டர் எல்லாம் நின்றுவிடும், கம்பெனி என்ன செய்யும் என்ற கவலை ஒரு பக்கம்.

1943 டிசம்பரில் குடும்பத்தோடு நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே நகருக்கு விடுமுறைக்குப் போனார் லேண்ட். மகள் ஜெனிஃபருக்கு அப்போது 3 வயது. அப்பா அவளை ஒரு படம் எடுத்தார். இப்பவே ஏன் அந்தப் படத்தைப் பார்க்க முடியாது என்று குழந்தை கேட்டாள்.

எல்லா வீட்டிலும் குழந்தைகள் இப்படி ஏதாவது கேட்கத்தான் செய்கிறார்கள். இவர் பதில் சொல்லாமல் ஊரைச் சுற்றி நடக்கப் போய்விட்டார். ஒரு மணி நேரத்தில் கேமரா, பிலிம், ரசாயனம் மூன்றும் எப்படி இருக்க வேண்டும் என்று மனதுக்குள் படம் விரிந்துவிட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதிர்ஷ்டம் பாருங்கள், அவருடைய காப்புரிமை வழக்கறிஞர் டொனால்ட் பிரவுனும் அப்போது அதே ஊரில்தான் இருந்தார். நேராக அவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி எழுத வைத்தார்.

இந்தக் கதையை லேண்ட் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்ததுபோல இது கேட்பதற்கு அழகாக இருக்கும். நிஜத்தில் சாண்டா ஃபேயில் கிடைத்தது வெறும் வரைபடம். அதற்கு உயிர் கொடுக்க 3 ஆண்டுகளும், அவர் நினைத்த மாதிரியே ஒரு கேமரா வர கிட்டத்தட்ட 30 ஆண்டுகளும் ஆயின.

இருட்டறையைக் கேமராவுக்குள் வைத்தது எப்படி?

சாதாரண பிலிமில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் இருட்டறையில் பிலிமைக் கழுவி நெகட்டிவ் எடுக்க வேண்டும். பிறகு அந்த நெகட்டிவ் வழியே ஒளியைப் பாய்ச்சி வேறொரு தாளில் பிரிண்ட் போட வேண்டும். லேண்ட் இரண்டையும் ஒன்றாக்கினார்.

கேமராவுக்குள் நெகட்டிவும் பிரிண்ட் தாளும் எதிரெதிரே இருக்கும். நடுவில் கெட்டியான ரசாயனக் குழம்பு அடைத்த சின்னப் பொட்டலம். படம் எடுத்ததும் தாளை வெளியே இழுத்தால் இரண்டு உருளைகளுக்கு நடுவில் அது நசுங்கிப் போகும். பொட்டலம் உடைந்து குழம்பு சீராகப் பரவும். ஒளி பட்ட இடத்தில் வெள்ளி நெகட்டிவிலேயே தங்கிவிடும். ஒளி படாத இடத்தில் உள்ள வெள்ளி உப்பு கரைந்து எதிர்த் தாளுக்குத் தாவி, அங்கே கறுப்பாகப் படியும். ஒரு நிமிடம் கழித்துப் பிரித்தால்... படம் ரெடி! சொல்வது சுலபம். குழம்பு கொஞ்சம் தண்ணீராக இருந்தால் வழிந்துவிடும், கொஞ்சம் கெட்டியானால் பரவாது. உள்ளே காற்றுப்பட்டால் கெட்டுவிடும். ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் போராட்டம்.

1947 பிப்ரவரி 21ஆம் தேதி நியூயார்க்கில் ஒளியியல் அறிஞர்கள் கூடிய மாநாட்டில் லேண்ட் தன்னைத்தானே படம் எடுத்து, எல்லோர் முன்னாலும் தாளைப் பிரித்துக் காட்டினார். மேசையில் உட்கார்ந்திருந்த அவருக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட நிஜ முகத்தின் அளவில் அவருடைய முகமே தொங்கியது. அந்தப் படம் பத்திரிகைகளில் வந்து பரபரப்பானது.

கடைக்கு வந்தது 1948 நவம்பர் 26ஆம் தேதி. பாஸ்டனின் ஜோர்டன் மார்ஷ் கடையில் 'மாடல் 95' கேமரா, விலை 89.75 டாலர். கிறிஸ்துமஸ் வரை தாங்கும் என்று நினைத்துக் கொண்டுவந்த ஐம்பத்துச் சொச்சம் கேமராக்களும் அன்றைக்கே விற்றுத் தீர்ந்தன. எடை கிட்டத்தட்ட 2 கிலோ. தூக்கிக்கொண்டு நடப்பதே ஒரு உடற்பயிற்சி!

படம் பழுப்பு நிறத்தில்தான் வந்தது. 1950இல் கறுப்பு வெள்ளைக்கு மாறியதும் பெரிய சிக்கல் ஒன்று வெடித்தது. சில மாதங்களில் படங்கள் மங்கி அழிய ஆரம்பித்தன. புகார்கள் குவிந்தன. ஒவ்வொரு படத்தின் மேலும் வாடிக்கையாளரே ஒரு திரவத்தைத் தடவிக் காயவைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டோடுதான் அப்போதைக்குத் தப்பித்தார்கள்.

அந்தக் கறுப்பு வெள்ளை பிலிமை வளர்த்தெடுத்த ஆய்வகத்தின் தலைவர் மெரோ மோர்ஸ் என்ற பெண். கல்லூரியில் அவர் படித்தது கலை வரலாறு, வேதியியல் இல்லை. படம் எப்படி இருக்க வேண்டும் என்று கண் பழகியவர்களுக்கு ரசாயனத்தைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்பது லேண்டின் கணக்கு. பெண்கள் ஆய்வகத்தில் தலைமைப் பொறுப்புக்கு வருவது அரிதாக இருந்த 1950களில் அவர் இதைச் செய்தார். புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸையும் ஆலோசகராக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிலிமையும் மலைக்கும் பாலைக்கும் அனுப்பிச் சோதித்தார். வேலை என்று வந்துவிட்டால் லேண்டுக்குப் பகலும் இல்லை, இரவும் இல்லை. அவரோடு ஈடுகொடுக்க உதவியாளர்கள் ஷிப்ட் மாறி மாறி வந்தார்கள். அவர் மட்டும் மாறமாட்டார்.

1963இல் ஹோவர்ட் ரோஜர்ஸ் தலைமையிலான குழுவின் நீண்ட உழைப்பில் கலர் பிலிம் வந்தது.

ரகசியக் கமிட்டியில் இன்னொரு லேண்ட்

கேமரா வியாபாரி லேண்டை உலகத்துக்குத் தெரியும். இன்னொரு லேண்ட் வாஷிங்டனில் இருந்தார்.

1954இல் சோவியத் யூனியனில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் தவித்தார். ஜேம்ஸ் கில்லியன் தலைமையில் ஒரு அறிஞர் குழு அமைக்கப்பட்டது. அதில் உளவுப் பிரிவை வழிநடத்தியவர் லேண்ட். எதிரி விமானங்கள் எட்டாத உயரத்தில் பறந்து படம் எடுக்கும் விமானம் வேண்டும், அதை விமானப்படை இல்லாமல் சிஐஏ இயக்க வேண்டும் என்று வாதாடி ஒப்புதல் வாங்கியவர்களில் அவர் முக்கியமானவர். அதுதான் யு-2 உளவு விமானம். 1956 ஜூலையில் சோவியத் வான்வெளிக்குள் முதன்முறையாக நுழைந்தது. 1960 மே 1ஆம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டு, பைலட் கேரி பவர்ஸ் உயிரோடு பிடிபட்டதில் ஐசனோவருக்கு ஏற்பட்ட தலைகுனிவு தனிக்கதை.

அதே ஆண்டு ஆகஸ்டில் 'கொரோனா' என்ற உளவுச் செயற்கைக்கோள் வெற்றி பெற்றது. பெயரைக் கேட்டதும் வேறு ஞாபகம் வரலாம்! இது படம் எடுத்த பிலிமை ஒரு கூண்டில் போட்டு பூமிக்குத் தள்ளிவிடும். பாராசூட்டில் இறங்கும் கூண்டை, பசிபிக் கடலுக்கு மேலே பறக்கும் விமானம் கொக்கி போட்டுப் பிடிக்க வேண்டும். பிடித்து, கொண்டுபோய், கழுவி, பார்த்து முடிக்க நாட்கள், சில நேரம் வாரங்கள் ஆகும். 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் படைகள் நுழைந்தபோது இந்தக் குறை அம்பலமானது. படைகள் தயாராவதைக் காட்டிய படங்கள் கையில் கிடைத்தபோது படையெடுப்பே முடிந்திருந்தது.

பிலிமே வேண்டாம், படத்தை மின் சமிக்ஞையாக மாற்றி வானத்திலிருந்து நேரடியாக அனுப்பும் செயற்கைக்கோள் செய்யலாம் என்று ஒரு அணி சொன்னது. அதெல்லாம் இப்போதைக்கு ஆகாது, பிலிமையே மேலே கழுவி ஸ்கேன் செய்து அனுப்பலாம் என்று இன்னொரு அணி சொன்னது. லேண்ட் முதல் அணியின் பக்கம் நின்றார். பிலிம் விற்றே பெரிய ஆளானவர், பிலிம் இல்லாத வழிக்காக 1971இல் அதிபர் நிக்சன் நிர்வாகத்திடம் வாதாடினார். அவர் பக்கமே தீர்ப்பானது. 1976 டிசம்பரில் கேஎச்-11 ஏவப்பட்டது. புதிய அதிபர் ஜிம்மி கார்ட்டர் பதவியேற்ற மறுநாள், 1977 ஜனவரி 21ஆம் தேதி, அதன் படங்கள் அவர் மேசைக்கு வந்தன.

எடுத்த படம் உடனே வேறொரு திரையில் தெரிய வேண்டும் என்ற யோசனைக்கு இவ்வளவு முன்னாலேயே தலையாட்டியவர், தன் சொந்த கம்பெனியில் மட்டும் ரசாயனத்தை விடவே இல்லை. இதுதான் லேண்டின் வாழ்க்கையில் புரிந்துகொள்ளக் கஷ்டமான இடம். ரகசியம் காக்கும் கட்டாயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அதுமட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. படம் என்றால் கையில் தொட்டுப் பார்க்கும் பொருளாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அவரிடம் இருந்தது. ரசாயன பிலிம்தான் போலராய்டுக்குச் சோறும் போட்டது.

கோட் பாக்கெட்டிலிருந்து வந்த கேமரா

1970இல் போலராய்டுக்காக எடுக்கப்பட்ட ஒரு குறும்படத்தில், மாசசூசெட்ஸின் நார்வுட்டில் கட்டிக்கொண்டிருந்த ஆலைக்குள் நடந்துகொண்டே பேசுகிறார் லேண்ட். கோட் பாக்கெட்டில் கைவிட்டு பர்ஸ் மாதிரி ஒரு கறுப்புப் பொருளை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடிக்கிறார். பென்சில்போல, மூக்குக்கண்ணாடிபோல, டெலிபோன்போல நாள் முழுக்கக் கூடவே வைத்துப் பயன்படுத்தும் கேமரா வர வேண்டும் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். இன்றைக்கு யூடியூபில் அதைப் பார்ப்பவர்களுக்குச் சிலிர்த்துவிடும். ஆள் கையில் வைத்திருப்பது ஐபோனா என்று ஒரு நொடி சந்தேகமே வரும்.

1972 ஏப்ரலில் பங்குதாரர் கூட்டத்தில் அதே கோட் பாக்கெட்டிலிருந்து எஸ்எக்ஸ்-70 கேமராவை எடுத்து விரித்தார். 10 விநாடிகளில் 5 படங்கள். பிரிக்க வேண்டாம், தடவ வேண்டாம், குப்பை இல்லை. கேமரா தானாகவே படத்தைத் துப்பும், கண்முன்னாலேயே வண்ணம் மலரும். கழுவப்படாத பிலிம் வெளிச்சத்தில் வந்தால் வெளுத்துப்போக வேண்டுமே? குழம்புக்குள்ளேயே ஒரு ரசாயனக் குடையை வைத்தார்கள். வேலை முடியும்வரை ஒளியைத் தடுத்துவிட்டு, முடிந்ததும் அது நிறமிழந்துவிடும். பேட்டரியைக்கூட பிலிம் பாக்கெட்டுக்குள்ளேயே தட்டையாக வைத்துவிட்டார்கள். புது பிலிம் போட்டால் புது பேட்டரி. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலத்தில் இப்படி ஒரு கருவி பொது ஜனத்தின் கைக்கு வந்ததே இல்லை.

ஒரு படத்துக்கு ஒரே பிரதிதான், நெகட்டிவ் கிடையாது. யாருக்காவது கொடுத்தால் கொடுத்ததுதான். படத்தைப் பகிர்வது என்றால் போலராய்டில் அதுதான் அர்த்தம்.

அடையாள அட்டையில் வந்த அவமானம்

உடனடிப் படத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1970 அக்டோபரில், போலராய்டில் வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள் இருவர், வேதியியலாளர் கேரலின் ஹன்ட்டரும் புகைப்படக்காரர் கென் வில்லியம்ஸும், அலுவலகத்தில் ஒரு மாதிரி அடையாள அட்டையைப் பார்த்தார்கள். அதில் தென்னாப்பிரிக்கச் சுரங்கத் துறையின் பெயர் இருந்தது. விசாரித்தால், கம்பெனியின் 'ஐடி-2' என்ற கருவி சில நிமிடங்களில் போட்டோவோடு அட்டை தயாரித்துவிடும் என்பது தெரிந்தது. நிறவெறி அரசு கறுப்பின மக்களின் கழுத்தில் மாட்டிய சுருக்கு, அவர்கள் எங்கே போனாலும் காட்ட வேண்டிய பாஸ் புத்தகம். அதற்கு வேகமாகப் படம் வேண்டும்.

இருவரும் ஊழியர்களைத் திரட்டினார்கள். போலராய்டைப் புறக்கணிக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தார்கள். கறுப்பினத்தவரை வேலைக்கு எடுப்பதில் மற்ற கம்பெனிகளுக்கு முன்மாதிரி என்று பெயர் வாங்கியிருந்த லேண்டுக்கு இது பெரிய அடி. நிர்வாகம் தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு குழுவை அனுப்பியது. 1971 ஜனவரியில், அந்நாட்டு அரசுக்கு நேரடியாக விற்கமாட்டோம், அங்குள்ள விநியோக நிறுவனத்தில் கறுப்பினத் தொழிலாளர்களின் சம்பளத்தை உயர்த்துவோம், ஆனால் நாட்டைவிட்டு வெளியேறமாட்டோம் என்று அறிவித்தது. ஹன்ட்டருக்கு வேலை போனது. 1977 நவம்பரில், விநியோகஸ்தர் திருட்டுத்தனமாக அரசுக்கு விற்றுவந்தது செய்தியாக வெளிவந்தது. அதன்பிறகுதான் போலராய்டு வெளியேறியது. ஹன்ட்டர் சொன்னது சரி என்று நிரூபணமாக 7 வருடம் ஆனது. பிரமாதமான கண்டுபிடிப்பாளரான லேண்ட் இந்த விஷயத்தில் தாமதித்தார் என்பதை மறைக்க முடியாது.

வீழ்ச்சி தொடங்கியது இங்கேதான்

1977இல் லேண்ட் கொண்டுவந்த அடுத்த அதிசயம் 'போலாவிஷன்'. எடுத்த கையோடு பார்க்கும் சினிமா. சினிமா என்றால் இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல், சத்தம் கிடையாது, அவர்களுடைய பெட்டியில் மட்டும்தான் பார்க்க முடியும். அதற்குள் சோனியின் பீட்டாமேக்ஸும் விஎச்எஸ்ஸும் சந்தைக்கு வந்துவிட்டன. வீடியோ கேசட்டை அழித்துத் திரும்பப் பதிவு செய்யலாம். யார் போலாவிஷன் வாங்குவார்கள்? 1979இல் 6.85 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள்.

1980இல் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டார். 1982இல் தான் தொடங்கிய கம்பெனியிலிருந்தே முழுவதுமாக வெளியேறினார். பிறகு பங்குகளையும் விற்றுவிட்டார். அந்தக் காலகட்டத்தில் அவரைத் தேடி வந்து பார்த்தவர்களில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸும் ஒருவர். லேண்டைத் தன் ஆதர்சங்களில் ஒருவராகவே ஜாப்ஸ் கருதினார். இதில் ஒரு கொடுமையான பொருத்தமும் இருக்கிறது. சில வருடங்களில் ஜாப்ஸும் தான் தொடங்கிய கம்பெனியிலிருந்து வெளியேற வேண்டியதானது.

கோடாக் வழக்கு மட்டும் லேண்டுக்குச் சாதகமாக முடிந்தது. ஒருகாலத்தில் போலராய்டுக்கு நெகட்டிவ் தயாரித்துக் கொடுத்த கோடாக், 1976 ஏப்ரலில் சொந்தமாக உடனடி கேமராவை இறக்கியது. ஒரு வாரத்துக்குள் வழக்குப் போட்டது போலராய்டு. 1985இல், 7 காப்புரிமைகளை மீறியதாகக் கோடாக்குக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 1986 ஜனவரியோடு கோடாக் உடனடி கேமரா தொழிலையே மூட்டை கட்டியது. ஏற்கெனவே வாங்கிய லட்சக்கணக்கானோர் பிலிம் கிடைக்காமல் கேமராவை அலமாரியில் வைத்தார்கள். கோடாக் கடைசியில் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 92.5 கோடி டாலர்.

அந்தத் தொகை முடிவாவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1991 மார்ச் 1ஆம் தேதி, மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் 81 வயதில் லேண்ட் காலமானார். கடைசி வருடங்களில் தானே தொடங்கிய ரோலண்ட் ஆய்வு நிறுவனத்தில், மனிதக் கண் வண்ணத்தை எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தார். அவர் பெயரில் 500க்கும் மேற்பட்ட அமெரிக்கக் காப்புரிமைகள் இருந்தன. இறந்தபின் அவருடைய தனிப்பட்ட காகிதங்களையும் குறிப்புகளையும் உதவியாளர் கிழித்து அழித்துவிட்டார். அதனால்தான் பல விஷயங்களில் அவர் மனதில் என்ன இருந்தது என்பதற்கு ஆவணம் இல்லை.

அதன்பிறகு போலராய்டு என்ன ஆனது?

டிஜிட்டல் அலையில் 2001 அக்டோபரில் போலராய்டு திவாலானது. 2008இல் உடனடி பிலிம் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தபோது அதன் முதல் ஐகான் ஒரு போலராய்டு கேமராவின் படம். பெயரில் உள்ள 'இன்ஸ்டா'வும் உடனடி கேமராவிலிருந்து எடுத்ததுதான். லேண்டின் கம்பெனிக்கு இதில் காலணா வரவில்லை.

நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த கடைசி ஆலை மூடப்பட்டபோது, சில முன்னாள் ஊழியர்களும் ரசிகர்களும் சேர்ந்து இயந்திரங்களை விலைக்கு வாங்கினார்கள். 'இம்பாசிபிள்' என்று தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். இயந்திரம் கிடைத்தது, ரசாயனங்கள் கிடைக்கவில்லை. அவற்றைத் தயாரித்த பல ஆலைகள் அதற்குள் மூடியிருந்தன. பழைய செய்முறையை வைத்து எதுவும் செய்ய முடியாமல் கிட்டத்தட்ட புதிதாகவே பிலிமைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதலில் வந்த பிலிம், வெளியே வந்த நொடியே கைக்குள் மறைத்துக்கொண்டால்தான் பிழைக்கும் என்ற நிலை. லேண்டின் ரசாயனக் குடையின் அருமை அப்போதுதான் புரிந்தது. 2020 முதல் அந்தக் குழு போலராய்டு என்ற பழைய பெயரிலேயே இயங்குகிறது, கேமராவும் பிலிமும் விற்பனையில் இருக்கின்றன. 1948இல் லேண்டின் கேமரா 60 விநாடியில் படம் கொடுத்தது. இன்றைய போலராய்டு கலர் பிலிமில் படம் முழுதாகத் தெரிய 10 முதல் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும்.